ஏழாவது பொருள்

மஹேபூர் கடன் சங்கத்தில்
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
எனக்குக் கட்சி கிடையாது, பேனா உண்டு.

அன்றைய ஏழாவது பொருள்:
கணவன் கையெழுத்தில்லாமல்
பெண்ணுக்குக் கடன் தரலாமா?
தரலாம் என்றாள் செல்வினா வைதிலிங்கம்.
அன்னாசித் தோட்டமும் பழைய லாரியும் வைத்திருப்பவள்.
கூடாது என்றார் பொருளாளர் சூபாயா அப்பாவு.
பெண் என்பதால் இல்லை என்றார்
(யாரும் நம்பவில்லை, நானும்தான்).
இரண்டு கையெழுத்தில் ஒன்று ஓடிப்போனாலும்
இன்னொன்று ஊரில் இருக்கும் அல்லவா?
"ஓடிப்போன கையெழுத்தெல்லாம் யாருடையது?
பேரேட்டைப் புரட்டுங்கள்" என்றாள்.
சிரிப்பு. மேசையில் ஒரு குத்து.

மூன்றாம் எச்சரிக்கையிலேயே கலைந்திருக்க வேண்டும்.
சண்டை ருசியாக இருந்தது.
நான்காவதை வானொலி சொன்னபோது
தெருவில் தகரங்கள் பறந்துகொண்டிருந்தன.

பதினொரு பேர். ஒரு விளக்கு.
அரை டின் பிஸ்கட்.
தலைக்கு மேல் தகரக் கூரை.

"அடை, எல்லாவற்றையும் அடை."
சூபாயா பையில் எப்போதும் ஆணி இருக்கும்.
ஜன்னல் கீல் மாற்றப் பணம் கேட்டு
வருடாவருடம் எங்களை நச்சரித்த மனிதர்.
கடற்பக்கம் முழுக்கப் பலகை அறைந்தார்.
புயல் வந்து முட்டியது, முட்டியது,
அந்தக் கீல்கள் அசையவில்லை.

கூரைதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது.
ஏறும். இறங்கும். ஏறும்.
ஓர் ஆணி கழன்று
என் குறிப்பேட்டின் மேல் விழுந்தது.
"மலைப்பக்கம் ஒரு ஜன்னலைத் திற" என்று கத்தினாள் செல்வினா.
"உள்ளே புகுந்த காற்று வெளியே போக வேண்டாமா?"
"பைத்தியமா உனக்கு?"
முன்மொழிவு இல்லை, வழிமொழிவு இல்லை,
போய்த் திறந்துவிட்டாள்.
கூரை பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

இரண்டு மணிக்கு எல்லாம் நின்றது.
வெளியே வந்தால் நட்சத்திரம்.
எங்கோ ஒரு நாய், ஒரே ஒரு முறை.
முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பியவர்களை
வாசலில் கை நீட்டி மறித்தார் சூபாயா.
"இது புயலின் கண். என் ஆயுளில் மூன்று பார்த்துவிட்டேன்."
"அப்படியானால் இனி மலையிலிருந்து வரும்"
என்றாள் அவள்,
அண்ணாந்து பார்த்தபடி.

பிறகு நடந்ததை நான் சரியாக எழுதவில்லை.
எழுதத் தெரியவில்லை.
தான் அடித்த ஆணிகளைத்
தானே பிடுங்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்,
ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பையில் போட்டபடி.
தான் திறந்த ஜன்னலைத்
தானே அடைத்துக்கொண்டிருந்தாள் அவள்.
குறுக்குக்கட்டை எந்தப் பக்கம் முதலில் என்று
அவரிடமே கேட்டாள்.
அவரைவிட ஓங்கி அறைந்தாள்.

பத்து நிமிடம்தான். மறுபடியும் அது வந்தது.

யார் சொன்னது சரி என்று கேட்பவர்களிடம்
காற்று எந்தப் பக்கம் என்று கேட்கிறேன் இப்போதெல்லாம்.
அதுவும் பாதி பதில்தான்.
இருட்டில் காற்றுக்குத் திசை ஏது?
ஒருவர் அடை என்றும் ஒருவர் திற என்றும்
தொண்டை கிழியக் கத்தியதால்தான்
எங்களுக்கு இரண்டு பக்கமும் காது இருந்தது.
எல்லாரும் சூபாயாவாக இருந்திருந்தால்
கூரை போயிருக்கும்.
எல்லாரும் செல்வினாவாக இருந்திருந்தால்
நாங்களே போயிருப்போம்.
என்னைப் போல் பதினொரு பேர் இருந்திருந்தால்
அழகான குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும், ஈரமாக.

காலையில் காவல் நிலையப் படியில்
ஒரு படகு ஏறி உட்கார்ந்திருந்தது.

அடுத்த வியாழன். ஏழாவது பொருள்.
நன்றி சொல்வார்கள், இளகுவார்கள் என்று
நான்தான் அசட்டுத்தனமாகக் காத்திருந்தேன்.
கூடாது என்றார் அவர், அதே குரலில்.
அதே மேசையில் அதே குத்து.
ஆறுக்கு ஐந்து. நிறைவேறியது,
முதல் வருடம் சிறு தொகை மட்டும்,
பிறகு கணக்குப் பார்த்து மறுபடி பேசுவது என்ற
அவர் திருத்தத்தோடு.
முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.
எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது என்று எழுதினேன்.
அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.
சத்தமாகப் படி என்றாள் அவளும்.

குறிப்பில் சேர்க்காதது ஒன்று.
மழை தூறியதால் அவள் லாரியில்தான் அவர் ஏறினார்.
தெருமுனை திரும்பும்வரை கேட்டது,
கண்ணாடியை ஏற்றுவதா இறக்குவதா என்று
இருவரும் போட்ட சத்தம்.